ரோட்டுக்கு அந்தப் பக்கம்

வெண்ணிலா நல்லவள் என்பதில்தான் செல்வகுமாரிக்குப் பிரச்சினையே இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் பாதியை எடுத்து நம் தட்டில் ஊற்றிவிட்டு, "உப்பு சரியா இருக்கா செல்வி?" என்று கேட்கிறவளை எதைச் சொல்லித் திட்டுவது?

இரண்டு பேரும் ஆசிரியர் பயிற்சியில் ஒரே பேட்ச். அங்கே செல்வகுமாரிதான் ராணி. கதை சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காக்கா என்று அவள் சொன்னால் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும். வெண்ணிலாவுக்கோ நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாடம் நடத்திக் காட்டுகிற அன்றைக்கு அவள் அழுது வடிந்துகொண்டிருந்தபோது, பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத் தேற்றியவள் செல்வகுமாரி. அப்படிப்பட்ட வெண்ணிலா காரைக்காலில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன ஜூனில் மாற்றலாகி, வேறு இடமே கிடைக்காத மாதிரி செல்வகுமாரியின் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தாள். புதுச்சேரி வாத்தியார்களுக்குக் காரைக்கால் என்பது சனிப்பெயர்ச்சி மாதிரி, ஒரு தடவையாவது வந்துவிட்டுத்தான் போகும். செல்வகுமாரிக்கு இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூடம் பாகூரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகத் தெரியும். மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு செல்வகுமாரிக்கு, நான்காம் வகுப்பு வெண்ணிலாவுக்கு. இரண்டுக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

முன்பெல்லாம் செல்வகுமாரி கதை ஆரம்பித்தால் நான்காம் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். அந்த அமைதியில் அவளுக்கு ஒரு போதை இருந்தது. இப்போது நிலைமை தலைகீழ். அவள் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் காதுகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே வெண்ணிலா ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "உனக்கு மட்டுமே தெரிஞ்ச கதை ஒண்ணு சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். பிள்ளைகள் சொல்லும். சொன்னதைப் படமாக வரையும். அதை அவள் போனில் போட்டோ எடுப்பாள். பிறகு விளையாட்டுச் சாமான் அறையில் உடற்பயிற்சிப் பாய்களை நாலு பக்கமும் நிமிர்த்தி வைத்து, எதிரொலி வராமல் பிள்ளையின் குரலைப் பதிவு செய்வாள். படத்தையும் குரலையும் சேர்த்தால் மூன்று நிமிஷத்தில் ஒரு வீடியோ. ஸ்மார்ட் கிளாஸ் டிவியில் வெள்ளிக்கிழமை ஓடும். பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள், தங்கள் கதையை எழுத வேண்டும் என்பதற்காகவே மூன்று பக்கம் எழுதின. சார்லஸ் சார், தலைமை ஆசிரியர், வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுல டீச்சர் வேலை என்ன இருக்கு? எல்லாத்தையும் பிள்ளைங்களே பண்ணுது" என்று அரியாங்குப்பத்தில் வீட்டுக்குப் போய்ப் புலம்பினாள் செல்வகுமாரி. அவள் கணவர் பலராமன் சாதத்தைப் பிசைந்தபடி, "நீ இன்னாடி, வந்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு பேரையே சொல்லிக்கினு கீற" என்றார். அதற்குப் பிறகு வீட்டிலும் அவள் பேசவில்லை. எரிகிற வயிற்றை எத்தனை பேரிடம்தான் காட்டுவது.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. டிஜிட்டல் கதை சொல்லிப் பாடம் நடத்தும் முறைக்கு ஒரு போட்டி. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரே ஒரு வகுப்பின் கதைதான் போகும். புதுச்சேரியில் குடியிருக்கும் மாணவர்தான் கதை சொல்ல வேண்டும். தேர்வாகும் வகுப்பின் டீச்சர், டவுனில் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவார்.

செல்வகுமாரி அதை மூன்று தடவை படித்தாள். அறுபது வாத்தியார்கள் முன்னால் நின்று பேசுவது. பத்தொன்பது வருஷமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். மாலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டாள், இந்தத் தடவை வெண்ணிலாவை ஜெயிக்க விடக்கூடாது.

பாகூர் ஏரியின் பெருமை பற்றி அவளே நாலு பக்கம் எழுதினாள். சோழர் காலம், மதகு, பறவைகள், பாசனம் என்று ஒன்றையும் விடவில்லை. வகுப்பில் நல்ல குரல் மணிபாரதிக்கு. கணீரென்று பேசுவான், சொன்னதைச் சொன்னபடி சொல்வான். அவனைப் பதினெட்டுத் தடவை பேசவைத்துக் கடைசியைத் தேர்ந்தெடுத்தாள். வில்லியனூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோவில் கொடுத்துச் சேர்த்து வாங்கினாள். ஸ்டூடியோக்காரன் பழக்கதோஷத்தில் ஏரியின் மேல் ரோஜா இதழ்களை உதிரவிட்டிருந்தான். பரவாயில்லை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் வெண்ணிலா போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "செல்வி, இன்னும் யார்கிட்டயும் காட்டலை. நீ பாத்துச் சொல்லு. எங்கயாவது இழுவையா இருந்தா வெட்டிடறேன்."

வீடியோவில் கிரேயானால் வரைந்த ஒரு தெரு. அர்ச்சனாவின் குரல். போன வருஷம் வரை வாயே திறக்காத நான்காம் வகுப்புப் பெண் அது.

"எங்க தெருவுல ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாண்டி. அந்தப் பக்கம் தமிழ்நாடு. எங்க வூடு அந்தப் பக்கம். கரண்ட் போச்சுன்னா எங்களுக்கு மட்டும் போவும். எதிர் வூட்டுல லைட்டு எரியும். நான் நோட்ட எடுத்துக்கினு ரோட்டத் தாண்டி பாண்டிக்குப் போயி எழுதுவேன். மழை பேஞ்சா பாண்டிக்கு லீவு வுட்டுடுவாங்க. கடலூருக்கு வுட மாட்டாங்க. நான் போத்திக்கினு படுத்துக்கினு இருப்பேன். எங்க அண்ணன் அந்தப் பக்கத்து ஸ்கூலு. அவன் யூரியா சாக்கைத் தலையில மாட்டிக்கினு நனைஞ்சிக்கினே போவான். போவும்போது வேணும்னே என் போர்வைய இழுத்துட்டுப் போவான். எங்க நாய்க்கு மட்டும் ரெண்டு பக்கமும் சோறு."

பின்னணியில் எங்கோ ஒரு சேவல் கூவியது. அதைக்கூட வெட்டவில்லை.

செல்வகுமாரி போனைக் கவிழ்த்து வைத்தாள். வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. ரோஜா இதழ் உதிர்கிற ஏரியை இதன் பக்கத்தில் வைத்தால் ஏரி வற்றிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். எங்கே குரலை இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினாள். அதை அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம்தான் அது மண்டையில் உறைத்தது. எங்க வூடு அந்தப் பக்கம். புதுச்சேரியில் குடியிருக்கும் மாணவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளை தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டதே.

நேராக வெண்ணிலாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வேறு பிள்ளையின் கதையை எடுப்பாள், அதுவும் இதே மாதிரிதான் இருக்கும். சார்லஸ் சாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சின்னப்புத்தி என்பார். ஆகவே நம் ஊரில் தொன்றுதொட்டு என்ன செய்வார்களோ அதையே செல்வகுமாரியும் செய்தாள். அரியாங்குப்பத்தில் ஒரு டைப்பிங் கடையில் மொட்டைக் கடுதாசி. 'அர்ச்சனா என்ற மாணவி தமிழ்நாட்டில் வசிப்பதாக வீடியோவில் தானே கூறுகிறார்.' இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடுதாசி என்றால் கொஞ்சம் கனம் வேண்டாமா? 'இதுபோல் வெளிமாநிலப் பிள்ளைகள் பலர் இப்பள்ளியில் சலுகைகளை அனுபவித்து வருகிறார்கள்' என்றும் சேர்த்தாள். 'இப்படிக்கு, நலம் விரும்பி.' தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எட்டாம் நாள் சார்லஸ் சார் ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அர்ச்சனா வீடியோவப் பத்தி எவனோ எழுதிப் போட்டிருக்கான். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வர்றாங்க. ஒவ்வொரு பிள்ளையையும் வீடு எங்கன்னு கேப்பாங்களாம்."

"ஒரு பொண்ணுதானே சார்" என்றாள் செல்வகுமாரி.

சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பொண்ணா? நாப்பத்தொண்ணுல பதினெட்டுப் பேரு அந்தப் பக்கம்மா. ரிஜிஸ்டர்ல இருக்கிறது எல்லாம் இந்தப் பக்கத்து மாமன் வூடு, சித்தி வூடு அட்ரஸு. ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. காலை எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டரில் வந்து நாலு மணிக்குத் திரும்புகிறவள். பிள்ளைகளைப் பேசவிட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். அவள் வகுப்பில் பேசுவது அவள் ஒருத்திதான்.

"உன் கிளாஸ்லயே அஞ்சு பேரு" என்று சார் விரலை மடக்கினார். "மணிபாரதி யாருன்னு நெனச்ச? அர்ச்சனாவுக்கு அடுத்த வூடு."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, காலை உதறவும் முடியாது. செல்வகுமாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். பாட்டிலில் தண்ணீர் இல்லை என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

பதினெட்டுப் பேர் போனால் மீதி இருபத்து மூன்று. அதற்கு ஒரு பள்ளிக்கூடம் எதற்கு என்று அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்றார் சார். அந்தப் பதினெட்டும் மெயின் ரோட்டைக் கடந்து, லாரிகளுக்கு நடுவில் மூன்று கிலோமீட்டர் நடந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

வெண்ணிலா எழுந்தாள். "நான் வீடியோவை எடுத்துடறேன் சார். அழிச்சிடறேன்" என்றாள். "செல்வியோட ஏரி வீடியோவை அனுப்புங்க. அதுல யார் வீட்டைப் பத்தியும் ஒண்ணும் இல்லை."

ஆக ஜெயித்தாயிற்று. போட்டியே இல்லாமல் ஜெயித்தாயிற்று. எதிராளி தன் கையாலேயே மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். இதற்குச் சந்தோஷப்படத்தான் செல்வகுமாரி முயற்சி செய்தாள். ஆனால் 'அதுல ஒண்ணும் இல்லை' என்ற வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

சார்லஸ் சார் கடைசியாக ஒன்று சொன்னார். "பிள்ளைங்கள ஒப்பிக்க வைக்கிறதுல உன்னை அடிச்சிக்க ஆள் இல்லம்மா. பதினெட்டுப் பேருக்கும் நீதான் சொல்லித் தரணும்."

மூன்று நாள் சொல்லித் தந்தாள். மாமா வீட்டு அட்ரஸை மனப்பாடம் செய்யவைத்தாள். எந்தத் தெரு, எத்தனாம் நம்பர், வாசலில் என்ன மரம், தூங்குவது எந்த அறையில் என்று ஒவ்வொன்றும். தயங்கினால் சந்தேகப்படுவார்கள், ஆகவே தயங்கக்கூடாது. தரையைப் பார்க்கக்கூடாது. மணிபாரதி முதல் நாளே தேறிவிட்டான். ஒன்றாம் வகுப்பு வாண்டுகள்கூடப் பாட்டு மாதிரி சொல்லின. அர்ச்சனா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுடி."

"வெண்ணிலா டீச்சரு, நெஜத்தச் சொன்னாத்தான் கதை நல்லாருக்கும்னு சொன்னாங்க" என்றாள் அர்ச்சனா. "நீங்க இன்னா டீச்சர், பொய்யச் சொல்லித் தர்றீங்க?"

செல்வகுமாரிக்குக் கையை ஓங்க வேண்டும் போல இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த இடத்திலும் வெண்ணிலா. பொய்யைச் சொல்லித் தருகிறவள் இவள், நிஜத்தைச் சொல்லித் தந்தவள் அவள் என்று பிள்ளை மனதில் பதிந்துபோயிற்று. கடைசியில் வெண்ணிலாவையே கூட்டிவந்து, "டீச்சர் சொல்ற மாதிரி சொல்லிடும்மா" என்று சொல்லவைக்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது வெண்ணிலாவின் குரல், பயிற்சி நாளில் உடைந்த மாதிரியே உடைந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கையில் கடுதாசி. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாம் மணி மணியாகச் சொல்லின. அர்ச்சனாவின் முறை வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"வீடு எங்கம்மா?"

"பாண்டிதான் சார். மாரியம்மன் கோயில் தெரு. பன்னெண்டாம் நம்பர். வாசல்ல முருங்கை மரம் கீது."

"அப்ப வீடியோவுல அந்தப் பக்கம்னு சொன்னியாமே?"

அர்ச்சனா வெண்ணிலாவைப் பார்த்தாள். வெண்ணிலா சுவரைப் பார்த்தபடி, "அது கற்பனைக் கதை சார். பிள்ளையே இட்டுக் கட்டுனது" என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். "இந்த வயசுல நல்லாப் புளுகுதுங்க" என்று அர்ச்சனாவின் கன்னத்தைத் தட்டினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தான் சொன்னதிலேயே அந்த வீடியோக் கதை ஒன்றுதான் நிஜம் என்று அதற்குத் தெரியும். போய், பழையபடி கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் ஏரி வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். "பிரமாதம். ஒரு தப்பு கிடையாது" என்று செல்வகுமாரியிடம் கை கூப்பினார் அதிகாரி. "அடுத்த மாசப் பயிற்சிக்கு நீங்க ரெடியா இருங்க மேடம்." பத்தொன்பது வருஷம் ஏங்கின ஏக்கம் பள்ளிக்கூட வாசலில் நின்று கும்பிட்டது. அவள் பதிலுக்குக் கும்பிட்டாள்.

நாலு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அவள் போன் ஒலித்தது. பார்த்தால் வெண்ணிலாவிடமிருந்து ஒரு வீடியோ. அர்ச்சனாவின் தெரு. நிமிர்ந்தால் வெண்ணிலாவே எதிரில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என் போன்ல அழிக்கப் போறேன். ஒரு இடத்துலயாவது இருக்கட்டும். அது பெரிசானதும் கேக்கும்."

"இதை ஏன் எனக்கு அனுப்புற?" செல்வகுமாரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வெண்ணிலா, அந்தக் கடுதாசி..."

"தெரியும் செல்வி. அந்த வீடியோவ உனக்கு மட்டும்தான் காட்டினேன்."

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்களைக் கடந்து போனது.

"சார்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உன்னைக் காரைக்காலுக்குத் தூக்கிடுவாங்க. உன் இடத்துக்கு ஆள் வர ஒரு வருஷம் ஆவும். அதுவரைக்கும் அஞ்சாவது பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" வெண்ணிலா ஹெல்மெட்டை மாட்டினாள். "கோவம் இல்லன்னு நெனச்சிக்காத. நிறைய இருக்கு. உன் கூட இனிமே சாப்பிட மாட்டேன்."

வண்டியைக் கிளப்பியவள் காலை ஊன்றி நின்றாள். "பயிற்சியில அவங்க கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளைங்கள அதுங்க கதையச் சொல்ல வைக்கிறது எப்படின்னு. இன்னா சொல்லப் போற?"

அன்று இரவு முழுக்க செல்வகுமாரிக்கு வயிறு எரிந்தது. வெட்கம் ஒரு பங்கு என்றால் பொறாமை மூன்று பங்கு. தப்புச் செய்தது இவள், மன்னிக்காமல் விட்டுக்கொடுத்த பெருமை அவளுக்கு. பிள்ளைகளும் அவள் பக்கம், நியாயமும் அவள் பக்கம். அப்படி அந்தப் பிள்ளைகளிடம் அவள் என்னதான் கேட்கிறாள்? ஒரு கேள்வி. வாயைத் திறந்து ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மணிபாரதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வகுப்பில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. பாடப் புத்தகத்தை மூடிவைத்தாள்.

"மணி, உன் வூடு எங்கடா?"

அவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். "புதுச்சேரி டீச்சர். மாரியம்மன் கோயில் தெரு. பதினாலாம் நம்பர். வாசல்ல வேப்ப மரம் இருக்கு."

"அது இல்லடா. விசாரணை எல்லாம் முடிஞ்சிபோச்சு. இங்க யாரும் இல்ல. உன் வூட்டப் பத்தி நெஜமாச் சொல்லு. மழை பேஞ்சா இன்னா பண்ணுவ? கரண்ட் போனா எங்க போவ? டீச்சருக்குத் தெரிஞ்சிக்கணும்னு ஆசையா இருக்கு."

மணிபாரதி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். இதுவும் ஒரு பரீட்சை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தரையைப் பார்க்கவில்லை. தயங்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடியும் சொன்னான், இந்தத் தடவை இன்னும் சுத்தமாக.